வக்கீல் ஆபீசில் கம்ப்யூட்டர்: எல்லையோரத்துக் கேள்விகள்

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படித்தால்தான் ஆபீஸ் வேலையை ஆட்டோமேட் பண்ண முடியுமா? (மார்த்தாண்டம்)

இப்போதைக்கு வேண்டாம். வக்காலத்திலும் நோட்டீசிலும் மாறுவது பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொகைதானே, அதை எக்செல்லில் வரிசையாகப் போட்டு வேர்டில் மெயில் மெர்ஜ் செய்யுங்கள் (மாதிரிக் கடிதத்தில் ஒவ்வொரு வரிசையின் விவரத்தையும் அதுவே நிரப்பித் தரும்), ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் குமாஸ்தா அண்ணாச்சி வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் பழைய மாதிரிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பாதிப் பக்கம் குப்பை எழுத்தாக வரும்.

செக் கேஸ் காலக்கெடுவை எக்செல்லே சொல்லுமா? (செங்கோட்டை, ஜூனியர்)

சொல்லும் தம்பி, சட்டத்தைச் சரியாக ஊட்டினால். செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது எதிராளி கையில் சேர்ந்தபின் பணம் கட்ட அவருக்கு 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் கம்ப்ளைண்ட். இந்த ஒரு மாதம் காலண்டர் மாதம், பலர் 30-ஐக் கூட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நோட்டீஸ் 2025 ஜனவரி 20 சேர்ந்தால் பிப்ரவரி 4 வரை அவகாசம், 5ஆம் தேதி வழக்குக் காரணம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கும், கடைசி நாள் மார்ச் 5. 30 கூட்டினால் மார்ச் 7 என்று காட்டும்! அதனால் சேர்ந்த தேதியோடு 16 கூட்டி, அதன்மேல் ஒரு காலண்டர் மாதம் கூட்டும் ஈடேட் (EDATE) ஃபார்முலா போடுங்கள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கிறது, இருந்தாலும் கட்சிக்காரரிடம் அதை விளக்குவது யார்?

பழைய மலையாள ஆதாரங்களை (நிலப் பத்திரங்களை) ஏஐயிடம் கொடுக்கலாமா? (களியக்காவிளை)

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம்தானே, விளவங்கோட்டில் இந்தத் தலைவலி ஓயாது. சாராம்சம் தெரிந்துகொள்ள மட்டும் கொடுங்கள், அதுவும் கட்சிக்காரரைக் கேட்டுவிட்டு. சர்வே எண், சென்ட், நான்கெல்லை இவற்றை மலையாளம் படிக்கத் தெரிந்த ஆள் மூலப் பத்திரத்தை வைத்துப் பார்த்தே ஆகவேண்டும், கையெழுத்துப் பத்திரத்தில் ஒரு இலக்கம் தவறினால் பக்கத்துத் தோப்புக்குக் கேஸ் போட்டதாகிவிடும்.

தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் கேஸ், வாய்தா குழம்புகிறது. (பாறசாலை)

நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் ஆப்பில், ஒவ்வொரு கேசுக்கும் தனியாகத் தரப்படும் சிஎன்ஆர் எண்ணை (எழுத்தும் இலக்கமுமாக 16) போட்டுச் சேமியுங்கள், இரண்டு மாநிலமும் ஒரே பட்டியலில் வரும்.

ஏஐ தரும் தீர்ப்புகளை மனுவில் சேர்க்கலாமா? (நாகர்கோவில்)

தீர்ப்பை முழுசாகத் திறந்து படித்த பிறகு. 2023-இல் நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கேரள உயர்நீதிமன்றமும் 2025 ஜூலையில், தீர்ப்பு முடிவெடுக்க ஏஐயைப் பயன்படுத்தக்கூடாது என்று மாவட்ட நீதித்துறைக்குச் சொல்லிவிட்டது. அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான், ஆனால் அவர்கள் முன்னால் நிற்கப்போவது நீங்கள்.