பார்த்தவங்களுக்கு யாரு இருக்கா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல திருப்புவனம் அஜித்குமார் கேஸ் பத்தி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் போட்டேன். 2025 ஜூன்ல மடப்புரம் கோயில்ல செக்யூரிட்டியா இருந்த பையன், நகை காணோம்னு போலீஸ் கூட்டிட்டுப் போய் அடிச்சு செத்துப்போன கேஸ். அதுக்கு அப்புறம் வந்த மெயில், லெட்டர்லாம் பார்த்தா யாரும் செக்ஷன் நம்பர் கேக்கல, 'நான் பார்த்தேன், நான் கேட்டேன், எனக்குத் தூக்கம் வரல'ன்னுதான் எழுதியிருக்கீங்க. அதனால இந்த வாட்டி சினிமா கேள்விலாம் கொஞ்சம் ஓரமா உக்காரட்டும். எல்லாரோட பேரையும் ஊரையும் எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, ஒரு ஸ்டேஷனுக்கு எதிர்ல டீக்கடைல வேலை பாக்குறேன். ராத்திரி கடை சாத்திட்டு பாத்திரம் கழுவிட்டு இருந்தப்போ உள்ள இருந்து ஒருத்தர் கத்துற சத்தம், ரொம்ப நேரம் கேட்டுச்சு, அப்புறம் நின்னுடுச்சு. ரெண்டு நாள்ல அவர் ஆஸ்பத்திரில இறந்துட்டார்னு சொன்னாங்க. ஓனரு 'நீ எதுவும் கேக்கல, புரியுதா'ன்னுட்டார். இப்போ குக்கர் விசில் அடிச்சாகூட தூக்கிவாரிப் போடுது. நான் உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு பொழைச்சிருப்பாரோ? நான் கோழையா அக்கா?

இல்ல தம்பி. முதல்ல இதைப் படி, அப்புறம் மத்ததைப் பேசலாம்.

அமெரிக்காவுல மினியாபோலிஸ்னு ஒரு ஊரு, 2020 மே 25, ஜார்ஜ் ஃப்ளாய்டுங்கறவர் கழுத்து மேல ஒரு போலீஸ்காரர் ஒன்பதரை நிமிஷம் முட்டி போட்டு உக்காந்து அவரைச் சாகடிச்சாரே, அது இருட்டுறதுக்கு முன்னாடியே, நடுரோட்ல, அத்தனை பேர் பார்க்க நடந்துச்சு. சுத்தி நின்னவங்க சும்மா நிக்கல, விடுங்கடா விடுங்கடான்னு கத்தினாங்க. அதுல ட்யூட்டி முடிஞ்சு வாக்கிங் வந்த ஒரு ஃபயர் சர்வீஸ் பொண்ணு இருந்துச்சு, உயிர் காப்பாத்துற ட்ரெய்னிங் எடுத்த பொண்ணு, நான் நாடி பாக்குறேன்னு கெஞ்சிச்சு, கிட்டயே விடல. இன்னொருத்தர் போலீஸ் மேலயே போலீஸுக்கு போன் போட்டார். ஒண்ணும் நடக்கல. அதை வீடியோ எடுத்தது டார்னெல்லா ஃப்ரேசியர்னு 17 வயசுப் பொண்ணு. அடுத்த வருஷம் கோர்ட்ல சாட்சி சொல்லும்போது அது என்ன சொல்லுச்சு தெரியுமா, எத்தனையோ ராத்திரி தூங்காம ஃப்ளாய்டுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டே இருந்தேன், நான் இன்னும் ஏதாவது செஞ்சிருக்கணும்னு. உலகத்துக்கே உண்மையைக் காட்டின பொண்ணு, அது மன்னிப்பு கேக்குது! கடையில கள்ள நோட்டுன்னு சந்தேகம் வந்த 20 டாலரை வாங்கி கல்லாப்பெட்டியில போட்ட 19 வயசுப் பையனும், நான் அந்த நோட்டை வாங்காம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதேன்னுதான் அழுத்தமா நினைச்சிட்டு இருந்தான்.

இப்போ உன் லெட்டரை மறுபடி படிச்சுப் பாரு, அதே கணக்குதான் நீயும் போடுற. செஞ்சவன் நிம்மதியா டிபன் சாப்பிட்டிருப்பான், கேட்ட நீ முழிச்சிட்டு கிடக்குற. வீடியோ எடுத்த அந்தப் பொண்ணு கடைசில ஒண்ணு சேர்த்துச் சொல்லுச்சு, நான் என்ன செஞ்சிருக்கணும்ங்கறது இல்ல விஷயம், அவரு என்ன செஞ்சிருக்கணும்ங்கறதுதான்னு. 'அவரு'ன்னது அந்த போலீஸ்காரரை.

பயத்துல உடம்பு உறைஞ்சு போறது நீ யோசிச்சு எடுக்குற முடிவு இல்ல, மூளை தானா பண்ற வேலை. ஓடணுமா, எதிர்க்கணுமா, அப்படியே நிக்கணுமான்னு அது நம்மள கேட்டுட்டுப் பண்றதில்ல. சத்தம் கேட்டா திடுக்கிடுறது, அந்த இடத்தைப் பார்க்கவே பிடிக்காம சுத்திப் போறது, கனவு, எரிச்சல், மரத்துப் போன மாதிரி இருக்குறது, இதெல்லாம் பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் ரொம்பப் பேருக்கு வரும், முக்கால்வாசிப் பேருக்கு சில வாரத்துல தானா குறையும். ஒரு மாசம் தாண்டியும் குறையலன்னா, வேலை செய்ய முடியல, குடிச்சாத்தான் தூக்கம்ங்கற நிலைக்கு வந்துட்டேன்னா டாக்டரைப் பாக்கணும். 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், கவர்மென்ட்டோடது, ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கும். 'பைத்தியக்கார டாக்டர்'னு உங்க ஓனர் சிரிப்பாரு, சிரிக்கட்டும்.

யார்கிட்டயாவது சொல்லணும்னு உன்னை நீயே கட்டாயப்படுத்திக்காதே. நடந்ததை ஒண்ணு விடாம கொட்டச் சொல்லி நோண்டினா பாரம் இறங்கிடும்னு முன்னாடி நம்பிட்டு இருந்தாங்க, உடனடியா அப்படி நோண்டுறது நல்லதில்லன்னுதான் இப்போ உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நீயா பேசத் தோணுறப்போ, நம்புற ஒரு ஆள்கிட்ட, எவ்ளோ தோணுதோ அவ்ளோ.

வாக்குமூலம் குடுக்குறதா வேணாமாங்கறது தனி. போலீஸ் கஸ்டடில சாவு நடந்தா மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம், போலீஸ் விசாரணை மட்டும் போதாதுன்னு சட்டத்துலயே இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 176வது பிரிவு, இப்போ அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல 196வது பிரிவு. அப்போ நீ சொல்ல நினைச்சா ஸ்டேஷன்ல போய் சொல்ல வேண்டியதில்ல, மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட சொல்லலாம், போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாரு. காசு இல்லன்னா 15100, இலவச சட்ட உதவி. அதுவரைக்கும் தேதி, நேரம், என்ன கேட்டுச்சுங்கறதை மட்டும் ஒரு நோட்டுல எழுதி வை, வருஷம் ஆனா ஞாபகம் குழம்பும்.

போலீஸ் அடிக்கிற வீடியோவை ஷேர் பண்றது தப்பா சரியா? காலேஜ்ல இதுக்கே ரெண்டு கோஷ்டி ஆயிட்டோம்.

எடுக்குறது ரொம்ப ரொம்ப சரி. திருப்புவனத்துல கோயில் பாத்ரூம் ஜன்னல் வழியா அந்த வீடியோ எடுக்கலன்னா அந்தக் கேஸ் எந்த மூலைக்குப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எடுத்தவர் அதுக்கு அப்புறம் மிரட்டல் வருது பாதுகாப்பு குடுங்கன்னு கேக்க வேண்டி வந்துச்சு, அதையும் யோசிங்க.

ஆனா எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் பிஜிஎம் போட்டு அதே அடி திரும்பத் திரும்ப ஓடணுமா? செத்தவரோட அம்மாவும் போன் வச்சிருக்காங்க. இன்னொரு தொல்லையும் இருக்கு, ஷேர் ஆகும்போது கதை வளரும். 2020 சாத்தான்குளத்துல மொபைல் கடை வச்சிருந்த ஜெயராஜ், அவர் பையன் பென்னிக்ஸ் ரெண்டு பேரும் போலீஸ் அடிச்சதுல இறந்தப்போ ஒரு பாடகி இங்கிலீஷ்ல பேசின வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு, வடக்குல இருக்கவங்களுக்கு அந்த ஊர் பேரே அதனாலதான் தெரிஞ்சுது, நல்லதுதான். ஆனா அதுல சொன்னது பலதும் உண்மை இல்ல, பரப்பாதீங்கன்னு சிபிசிஐடி சொல்லி அவங்களும் எடுத்துட்டாங்க. நடந்த கொடுமையே போதாதா, மசாலா எதுக்கு, அந்த மசாலாவைத்தான் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கையில எடுப்பார்.

கையில ஒரிஜினல் வீடியோ இருக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: எடிட் பண்ணாதீங்க, கட் பண்ணாதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினா குவாலிட்டி செத்துடும். எடுத்த போனை ரீசெட் பண்ணாம, விக்காம வச்சிருங்க. கோர்ட்ல டிஜிட்டல் ஆதாரத்துக்கு ஒரு சர்டிபிகேட் கேப்பாங்க, புது சாட்சிய சட்டத்துல 63வது பிரிவு, அதை வக்கீல் பாத்துப்பார். யார்கிட்ட குடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கோங்க.

செத்தவன் என்ன உத்தமனா மேடம்? திருடனுக்கு இவ்ளோ சப்போர்ட்டா?

அஜித்குமார் மேல முதல்ல எஃப்ஐஆர்கூட போடல சார். போடாமயே விசாரிச்சிருக்காங்க, போஸ்ட்மார்ட்டத்துல உடம்புல 44 காயம். திருடன்னே வச்சுக்குவோம், திருட்டுக்கு எந்தச் சட்டத்துல இந்தத் தண்டனை இருக்குன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.

எங்க வீட்டுக்காரர் ஒரு கஸ்டடி கேஸ்ல சாட்சி. வருஷக்கணக்கா இழுக்குது. சம்மன் வந்தாலே மூணு நாள் சாப்பிடமாட்டார். 'பேசி முடிச்சுக்கலாம்'னு சொந்தக்காரங்க வழியா தூது வருது. பாதுகாப்பு கேட்க வழி இருக்காமே, நிஜமா?

இருக்கும்மா. 2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சாட்சி பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணை ஏத்துக்கிட்டு, நாடு முழுக்க இதுதான் சட்டம்னு சொல்லிடுச்சு. மாவட்ட நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி இருக்கும், அங்க மனு போடணும். வீட்டுக்குப் பாதுகாப்பு, போன் நம்பர் மாத்துறது, கேமரா வைக்கறது, கோர்ட்ல குற்றவாளியைப் பாக்காம தனி ரூம்ல இருந்து சாட்சி சொல்றது, தேவைப்பட்டா இடம் மாத்துறது வரைக்கும் அதுல இருக்கு.

ஒரே ஒரு கோளாறு, கோளாறுன்னுகூட சொல்ல முடியாது, கொடுமை. உங்களுக்கு மிரட்டல் இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட் எழுதறது அந்தச் சரகத்து டிஎஸ்பி லெவல் போலீஸ் அதிகாரி. குற்றவாளியே போலீஸா இருக்குற கேஸ்ல இது பூனைகிட்டயே மீன் கணக்கு கேக்கற மாதிரிதான். அதனால மனுவுலயே தெளிவா எழுதச் சொல்லுங்க, எதிர்த்தரப்பு போலீஸ், அதனால வேற மாவட்ட அதிகாரிகிட்ட ரிப்போர்ட் வாங்குங்கன்னு. நடக்கலன்னா ஹைகோர்ட் மதுரை கிளைக்குப் போங்க, சென்னைப் பக்கம்னா சென்னைக்கு. அந்தத் தூது வந்த ஆள், தேதி, என்ன சொன்னார்ங்கறதையும் எழுதி வைங்க, மிரட்டல்னா கத்தியைக் காட்டினாதான்னு இல்ல.

உங்க வீட்டுக்காரர் பயப்படுறது அவரோட பலவீனம்னு நினைக்காதீங்க. சாத்தான்குளத்துல உண்மையைச் சொன்ன முக்கியமான சாட்சி யாரு? அதே ஸ்டேஷன்ல வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். யூனிஃபார்ம் போட்டவங்க, சட்டம் தெரிஞ்சவங்க, அவங்களே நடுங்கிட்டுத்தான் சொன்னாங்க, கையெழுத்துப் போட ரொம்ப நேரம் தயங்கினாங்க, பாதுகாப்பு உண்டுன்னு உறுதி குடுத்த அப்புறம்தான் போட்டாங்கன்னு மாஜிஸ்ட்ரேட் ரிப்போர்ட்லயே இருக்கு. அப்புறம் ஹைகோர்ட் அவங்களுக்கு பாதுகாப்பும் லீவும் குடுக்கச் சொல்லுச்சு. அங்க விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்டையே ஒரு கான்ஸ்டபிள் மரியாதை இல்லாம பேசினார், அதுவும் ரிப்போர்ட்ல இருக்கு. மாஜிஸ்ட்ரேட்டுக்கே அந்த நிலைமைன்னா நம்ம வீட்டு ஆளு பயப்படாம என்ன செய்வார்.

சின்னப் பசங்க பார்த்துட்டாங்க, என்ன சொல்றது? (ஒரு டீச்சர்)

பொய் சொல்லாதீங்க. மினியாபோலிஸ்ல அந்த 17 வயசுப் பொண்ணோட கைப்பிடிச்சு கடைக்கு வந்தது ஒரு 9 வயசுக் குழந்தை, அதுவும் கோர்ட்ல வந்து எனக்கு சோகமா இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சுன்னு சொல்லுச்சு. அவ்ளோதான் அந்த வயசுல சொல்ல முடியும், அது போதும். குழந்தை கேக்குறதுக்கு மட்டும் சின்னதா பதில் சொல்லுங்க, டிவி நியூஸை அணைங்க, ஸ்கூல், விளையாட்டு, தூங்குற நேரம் பழையபடி நடக்கட்டும். அதே காட்சியவே திரும்பத் திரும்ப வரையுறது, விளையாடுறது, படுக்கையில ஒண்ணுக்குப் போறது வாரக்கணக்குல நீடிச்சா பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசுங்க. 'நீ பெரிய பையன், அழக்கூடாது'ங்கறதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க.

கடையடைப்பு, மறியல், ஹேஷ்டேக், ஒரு வாரம் ஊரே கொதிக்குது, அப்புறம் ஐபிஎல் பாக்கப் போயிடுறோம். என்னதான் பிரயோஜனம்?

பிரயோஜனம் இருக்கு. 2020ல சாத்தான்குளம் கேஸ்ல அரசாங்கத்தோட முதல் அறிக்கையில என்ன இருந்துச்சு, ஒருத்தருக்கு மூச்சுத்திணறல், ஒருத்தருக்குக் காய்ச்சல். வியாபாரிங்க கடையைச் சாத்தாம, குடும்பம் பிடிவாதமா நிக்காம இருந்திருந்தா ஃபைல் அந்தக் காய்ச்சலோட மூடியிருக்கும். ஹைகோர்ட் தானா கேஸ் எடுத்து, ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டுல கொண்டுவரச் சொல்லி, சிபிசிஐடி, சிபிஐன்னு போய் 9 போலீஸ்காரங்க மேல குற்றப்பத்திரிகை வந்துச்சு. 2025ல முதலமைச்சர் அஜித்குமார் அம்மாகிட்ட போன்ல சாரி சொன்னார். ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு வருஷம், ஜனங்க போட்ட சத்தம்தான் இந்த வித்தியாசம்னு நான் நினைக்கிறேன்.

கொதிக்குற வாரத்துலயே ஒரு வேலை பண்ணிடுங்க, சிசிடிவி. சாத்தான்குளம் ஸ்டேஷன்ல ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தும் தினமும் தானா அழியற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வேணும், 18 மாசப் பதிவு இருக்கணும்னு சொல்லிடுச்சு, சொன்னது எல்லா ஊர்லயும் நடக்குதாங்கறது வேற கதை. அதனால சம்பவம் தெரிஞ்ச அன்னிக்கே, இந்தத் தேதி பதிவை அழிக்காதீங்கன்னு எஸ்பிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் ஸ்பீட் போஸ்ட்ல தபால் போடுங்க, ஆளுக்கு ஒண்ணு போட்டாலும் தப்பில்ல.

அப்புறம் அந்த சாட்சி. முதல் வாரம் ஹீரோன்னு தோள்ல தூக்குவோம், டீக்கடையில நிறுத்தி 'எப்படிண்ணே அடிச்சாங்க, சொல்லுங்கண்ணே'ன்னு கேட்டே கொன்னுடுவோம், மூணாவது வருஷம் அவர் தனியா பஸ் ஏறி கோர்ட்டுக்குப் போவார், அன்னிக்குக் கூலியும் போச்சு, கேஸும் வாய்தா. ஊர்ல சங்கம், மன்றம், வாட்ஸ்அப் குரூப்னு எத்தனை வச்சிருக்கோம், அதுல ரெண்டு பேர் முறை வச்சு வாய்தா தேதிக்கு அவர்கூடப் போகலாம், அந்த நாள் கூலியைப் பிரிச்சுக் குடுக்கலாம். போற வழியில கேஸைப் பத்திப் பேசாதீங்க, மழை வருமா வராதான்னு பேசுங்க.