பாட்டியின் கெம்பு அட்டிகையை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: நான் தக்கலைக்கு அருகில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு என் அம்மா காலமானார். அவருக்கு அவருடைய பாட்டி வழியாக வந்த மூன்று பழைய உருப்படிகள் எங்களிடம் உள்ளன: விக்டோரியா ராணியின் தலை பொறித்த சவரன் காசுகள் கோத்த காசுமாலை, கெம்புக்கல் பதித்த அட்டிகை, ஏழு கல் வைரத்தோடு ஒரு ஜோடி. கொள்ளுப்பாட்டி அந்த அட்டிகையை அணிந்தபடி எடுத்த பழைய ஸ்டுடியோப் படமும், அவருடைய கல்யாணத்தின்போது மலையாளத்தில் எழுதிய நகைப் பட்டியலும் பெட்டியில் இருக்கின்றன. அம்மா உயில் எழுதவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். எனக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் துபாயில் வேலை செய்கிறார். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கல்லும் அரக்கும் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை சொல்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு தரகரோ, இவை அரண்மனைக் காலத்து நகைகள் என்றும், வெளிநாட்டு ஏலத்தில் கோடிக்கணக்கில் போகும் என்றும், அண்ணன் விடுமுறை முடிந்து திரும்பும்போது கையோடு கொண்டுபோனால் போதும் என்றும் சொல்கிறார். அடுத்த ஆண்டு மகளின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டும். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தரகர் சொன்ன வழியை முதலில் அடியோடு விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட நகை தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனிநபர் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நகையும் பறிமுதலாகும். இந்தப் பொறுப்பு முழுவதும் விமான நிலையத்தில் பையைத் திறந்து காட்டும் உங்கள் அண்ணன் தலையில்தான் விழுமே தவிர, தரகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. நூறு ஆண்டு ஆகாத நகை என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்று, சுங்கத்தில் அறிவித்து முறைப்படி அனுப்பலாம். ஆனால் உங்கள் அட்டிகைக்கு அந்த வாய்ப்பு குறைவு. கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பட்டியலில் அது எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் பட்டியலே அதன் வயதுக்குச் சாட்சி. நகைக்கு மதிப்பைக் கூட்டும் அதே காகிதம்தான் அதை இந்தியாவுக்குள் நிறுத்தியும் வைக்கிறது. விலையைப் பற்றிய உங்கள் எதிர்பார்ப்பு முழுவதும் இந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு ஏலங்களில் கோடிக்கணக்கில் போகின்றன என்ற பேச்சு பொய்யில்லை. ஆனால் எது அப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் ஜெனீவாவில் சோத்பீஸ் ஏலத்தில் பிரான்சின் ராணி மரி அந்துவானெத் அணிந்த முத்துப் பதக்கம் ஒன்று வந்தது. 10 முதல் 20 லட்சம் டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள், சுமார் 3.6 கோடி டாலருக்குப் போனது. லா பெரெக்ரினா என்ற முத்தை 1969-இல் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி நடிகை எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார். டெய்லர் மறைந்த பிறகு 2011 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1.18 கோடி டாலருக்கு விற்றது. 2019 ஜூனில் நியூயார்க்கில் கத்தார் அரச குடும்பமான அல் தானி குடும்பத்தின் இந்திய, முகலாய நகைத் தொகுப்பை கிறிஸ்டீஸ் ஏலம் விட்டபோது மொத்தம் 10.9 கோடி டாலர் சேர்ந்தது. இவை எல்லாவற்றிலும் பொருள் யாருடையது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது ஆவணமாகவோ ஓவியமாகவோ இருந்தது. பழையது என்பதற்காக மட்டும் அங்கே யாரும் பணம் கொட்டுவதில்லை. அரண்மனையில் கொடுத்தது என்ற வாய்மொழிப் பேச்சுக்கு ஏலப் பட்டியலில் ஒரு ரூபாய்கூட ஏறாது. பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில் இருப்பதாலேயே நம் பகுதியில் பழைய நகை எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்கிறது.

உங்களிடம் இருப்பது அதைவிட அடக்கமான, ஆனால் உறுதியான சான்று: ஒரு படமும் ஒரு பட்டியலும். படத்தின் பின்புறம் ஸ்டுடியோவின் முத்திரையோ தேதியோ இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊர் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் மலையாளத்தில் எழுதியிருப்பது இயல்பு, ஆனால் மும்பையில் உள்ள ஏல நிறுவனத்தில் அதைப் படிக்க ஆள் இல்லாமல் போகலாம்.

அடுத்தது உரிமை. உயில் இல்லாமல், கணவரும் முன்பே காலமாகிவிட்ட நிலையில், நகைகள் பிள்ளைகள் மூவருக்கும் சமமாக வந்து சேர்கின்றன. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதுதான் நிலை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியும் இதுதான். நகை உங்கள் பீரோவில் இருப்பதால் அது உங்களுடையது ஆகாது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, மூவரும் கையெழுத்திட்ட குடும்ப உடன்படிக்கை ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உருப்படி விற்பனைக்கு, எது யாருக்கு, பணம் எப்படிப் பிரியும் என்று. இதைக் குறித்து நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை தெரிவதற்கு முன் ஒற்றுமையாக இருக்கும் உடன்பிறந்தவர்கள், விலை தெரிந்த பிறகு பேச்சை நிறுத்துவது நகை விஷயத்தில்தான் அதிகம். அண்ணன் வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவருடைய பங்கைக் கொடுக்கும்போதே வரி பிடித்தம் செய்ய வேண்டிவரும் என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி உருப்படி உருப்படியாக வருகிறேன். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து ஒரே விலை பேசுவதுதான் மார்த்தாண்டத்துக் கடைக்காரரும் தரகரும் சேர்ந்தே செய்யும் பிழை.

காசுமாலைதான் மகளின் படிப்புக்கு உதவ வேண்டிய உருப்படி. ஆங்கிலேயர் அச்சிட்ட உண்மையான சவரன் 7.98 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்டது, அதில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். ஆனால் பழைய காசுமாலைகளில் எல்லாக் காசும் அப்படி இருப்பதில்லை. ராணி தலையை அச்சுக்கட்டை வைத்துப் பொற்கொல்லர்களே அடித்த மெல்லிய காசுகளும் கலந்திருக்கும். ஒவ்வொரு காசின் ஆண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாணயம் சேகரிப்பவர்கள் சில ஆண்டுகளுக்கும் சில நாணயச்சாலைகளுக்கும் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் காசின் தலைமாட்டில் கோப்பதற்காகப் பற்றவைத்த வளையம் இருக்கிறது அல்லவா, அது அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதியை எடுத்துவிடும். எனவே இதில் ஏலத்துக்குப் போய்ப் பெறும் லாபம் சிறிது. தங்க விலையே நியாயமான விலை. உருக்குவதற்கு முன் ஹால்மார்க் மையத்தில் தரம் பார்த்து எழுத்தில் வாங்கி, குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் பெறுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மீது விழும். பழையதைக் கொடுத்துப் புதிய நகை எடுத்தாலும் வருமான வரிச் சட்டம் அதை விற்பனையாகவே பார்க்கும்.

வைரத்தோட்டைப் பற்றி வீடுகளில் இரண்டு பெருமைகள் உலவுகின்றன: கோல்கொண்டா வைரம், புளூ ஜாகர் வைரம். இரண்டும் வேறுவேறு. கோல்கொண்டா என்று உலகம் அழைப்பது கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய ஆந்திரத்தில் உள்ள கொல்லூர் போன்ற பழைய சுரங்கங்களின் கற்களை. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. வெயிலில் இலேசான நீலம் காட்டும் அந்தக் கல்லுக்கு நம் பக்கத்துப் பெண்கள் தனி மரியாதை கொடுத்தார்கள். பன்னாட்டுச் சந்தையில் அந்த நீலம் பெரும்பாலும் விலையைக் குறைக்கும் குணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது பலருக்கு வருத்தமான செய்தி. ஏழு கல் தோட்டில் தனிக்கற்களும் சிறியவையாகவே இருக்கும். முழுத் தரச்சான்றிதழ் வேண்டுமானால் கல்லைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பழைய கல்பதிப்பு வேலை சிதையும். ஆகவே இதை விற்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். மூவரில் ஒருவர் தன் பங்கில் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்வதே, என் கணிப்பில், பணக் கணக்கிலும் சரியாக இருக்கும்.

அட்டிகைதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. அதைத் திருப்பிப் பாருங்கள். பழைய வேலைப்பாட்டில் பின்புறம் முழுவதும் தங்கத் தகடு மூடியிருக்கும். உள்ளே அரக்கு நிரப்பி, கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகட்டுத்தாள் வைத்திருப்பார்கள். கடையில் கழிக்கும் அரக்கு இதுதான். உருக்கினால் மிஞ்சுவது குறைவான தங்கம். கற்கள் மாணிக்கமா, வேறு சிவப்புக் கல்லா, வெறும் கண்ணாடியா என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகும். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைப்பதோ பாலிஷ் போடுவதோ கூடவே கூடாது. நீர் உள்ளே இறங்கினால் தகட்டுத்தாள் கறுத்து, கல் ஒளி இழந்துவிடும். விழுந்த கல்லுக்குப் புதுக்கல் வைக்கவும் வேண்டாம். இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கல் வகையையும், சூடேற்றிய கல்லா இயற்கை நிறமா என்பதையும் மட்டும் பார்த்துவையுங்கள். பர்மா மாணிக்கம், செயற்கை வெப்பம் ஏற்றாதது என்று வந்தால் அட்டிகையின் கதையே மாறும். கண்ணாடி என்று வந்தால், அப்போதும் அது வேலைப்பாட்டுக்காக விலைபோகும், ஆனால் அளவோடு.

இதை இந்தியாவுக்குள் நடக்கும் ஏலத்தில் வைக்கலாம். மும்பையைத் தளமாகக் கொண்ட சாஃப்ரான்ஆர்ட், அஸ்தகுரு போன்ற நிறுவனங்கள் நகை ஏலம் நடத்துகின்றன. ஏற்றுமதி செய்ய இயலாத பொருள் என்பதால் வாங்குபவர் அதை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். போட்டி போடுவோர் குறைவதால் விலையும் வெளிநாட்டு விலையைவிடத் தாழ்வாகவே இருக்கும். அதையும் தாண்டி, செய்தியில் வரும் தொகைக்கும் உங்கள் கணக்கில் சேரும் தொகைக்கும் உள்ள தூரத்தை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். அட்டிகை 20 லட்சத்துக்கு ஏலம் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதன் மேல் 20 சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கட்டினால் வெளியில் பேசப்படும் விலை 24 லட்சம். உங்களிடம் 10 சதவீதக் கமிஷன் என்றால் 2 லட்சமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 36,000 ரூபாயும் போகும். மீதி 17,64,000.

பிறகு வரி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நகைக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் காட்டும் சலுகை) கிடையாது. பரம்பரை நகை என்பதால், 2001 ஏப்ரல் 1-இல் இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். 24 காரட் தங்கம் 10 கிராம் ஐயாயிரம் ரூபாயைத் தொடாத காலம் அது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அன்றைய மதிப்பு 4 லட்சம் என்று எழுதிக்கொடுத்தால், ஆதாயம் 13,64,000; வரியும் அந்த வரியின் மீது 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் (செஸ்) சேர்ந்து சுமார் 1,77,000. கைக்கு வருவது 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அதுவும் மூன்று பங்காக. ஆதாயமும் மூவர் கணக்கிலும் தனித்தனியாகவே காட்டப்படும். தன் பங்குத் தொகையைக் கொண்டு உரிய காலத்துக்குள் வீடு வாங்குபவருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரிவிலக்கு உண்டு. தங்கை வீடு கட்டும் எண்ணத்தில் இருந்தால் அவருக்கு இது பயன்படும்.

ஏலத்துக்குச் சேர்த்தல், பட்டியல் அச்சிடல், விற்பனை, பணம் வருதல் எல்லாம் பல மாதங்கள் எடுக்கும். எனவே கல்லூரிக் கட்டணத் தேதியை அட்டிகையோடு முடிச்சுப் போடாதீர்கள். கட்டணத்துக்குக் காசுமாலையில் உங்கள் பங்கு, அது போதாவிட்டால் கல்விக்கடன். அட்டிகையை அடகு வைப்பதிலும் பொருளில்லை. கடன் கொடுப்பவர்கள் நிகரத் தங்க எடையை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள்.

ஏல நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, விற்காமல் திரும்பினாலோ நீங்கள் பின்வாங்கினாலோ யார் செலவு ஏற்பது, விற்ற எத்தனை நாளில் பணம் வரும், உங்கள் வீட்டு வாசல் முதல் திரும்பும் வரை காப்பீடு யாருடையது. அதுவரை வங்கி லாக்கரில் வைத்தாலும், திருட்டு, தீ போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கை கைக்கு வந்த அன்றே அட்டிகைக்குத் தனியாக நகைக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.