ஆண்டறிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவரும் நானும் சேமிப்பில் ஒரு பகுதியைப் பர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இரண்டு நிறுவனங்களின் பங்குகளில் போட்டிருக்கிறோம். ஆண்டறிக்கையைத் திறந்தால் இருநூறு பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. நிகர இலாபம் கூடியிருக்கிறதா, பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் இலாப ஈவு கொடுத்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதும் என்கிறார் உடன் வேலை செய்யும் ஒருவர். அது சரிதானா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்.

பதில்: சரியில்லை அம்மா. நிகர இலாபம் என்பது பல மதிப்பீடுகளைக் கடந்து வந்த ஓர் எண். இயந்திரம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும், வாடிக்கையாளர் தர வேண்டிய கடனில் எவ்வளவு வராமல் போகும், கிடங்கில் உள்ள சரக்கு இன்னும் விலைபோகுமா என்பதையெல்லாம் நிர்வாகம் கணித்த பிறகே அது கிடைக்கிறது. நேர்மையான நிர்வாகத்தின் கணிப்பும் தவறலாம். ஆகவே அந்த இலாபம் பணமாகக் கைக்கு வந்ததா என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். அதற்கான விடை பணப்புழக்க அறிக்கையில், செயல்பாடுகளிலிருந்து கிடைத்த நிகரப் பணம் என்ற வரியில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தளவாடப் பொருள்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் விற்பனை ஓராண்டில் 100 மில்லியன் ரிங்கிட்டிலிருந்து 120 மில்லியனாகவும், இலாபம் 8 மில்லியனிலிருந்து 11 மில்லியனாகவும் உயர்கிறது. நாளிதழில் நல்ல செய்தியாகவே வரும். ஆனால் சொத்துகளையும் கடன்களையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை 20 மில்லியனிலிருந்து 38 மில்லியனாகிவிட்டது. இந்தத் தொகையை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், பணம் வந்துசேர ஆகும் நாள்கள் கிடைக்கும்: முதலாண்டில் 73, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 116. இலாபம் 11 மில்லியனுடன், கையைவிட்டுப் போகாத செலவான தேய்மானம் 4 மில்லியனைக் கூட்டி, கடனாக வெளியில் நின்றுவிட்ட 18 மில்லியனைக் கழித்தால், வேறு மாற்றங்கள் இல்லாத நிலையில், செயல்பாட்டுப் பணம் 3 மில்லியன் குறைவில் நிற்கிறது. அந்த ஆண்டில் இலாப ஈவும் கொடுத்திருந்தால், அது கையிருப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் வந்திருக்கும். பணப்புழக்க அறிக்கையின் நிதி திரட்டல் பகுதியில் கடன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால் எதிலிருந்து என்பது தெரியும். உங்கள் நண்பர் சொன்ன இரண்டு அளவுகோல்களிலும் இந்த நிறுவனம் தேறிவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வரவேண்டிய கடன் விற்பனையை விட வேகமாக வளர்வதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம்; புதிய பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குக் கூடுதல் தவணை கொடுத்திருக்கலாம். விற்பனையே சந்தேகத்துக்குரியதாகவும் இருக்கலாம். நம் நாட்டிலேயே 2007இல், டிரான்ஸ்மைல் என்ற வான்வழிச் சரக்கு நிறுவனத்தின் தணிக்கையாளர்கள், வரவேண்டிய தொகைகள் சிலவற்றுக்கு உரிய ஆவணங்கள் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். பின்னர் நடந்த சிறப்புத் தணிக்கையில், முந்தைய ஆண்டுகளின் வருவாய் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2005, 2006ஆம் ஆண்டுகளுக்குக் காட்டப்பட்ட இலாபம் உண்மையில் இழப்பு.

ஆகவே ஆண்டறிக்கையைத் தலைவரின் உரையிலிருந்து தொடங்காமல், தணிக்கையாளர் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று தடையின்றிச் சொல்லியிருக்கிறார்களா, ஏதேனும் நிபந்தனையுடன் சொல்லியிருக்கிறார்களா, கருத்துச் சொல்லவே இயலவில்லை என்கிறார்களா என்பது அதன் முதல் பத்திகளிலேயே தெரிந்துவிடும். 2016 டிசம்பர் 15 முதல் முடிவடைந்த நிதியாண்டுகளுக்கு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் தங்கள் கவனத்தை மிகுதியாக ஈர்த்த முக்கிய விவகாரங்களையும் அங்கே விளக்க வேண்டும். எந்த எண்ணில் மதிப்பீடு அதிகமாகக் கலந்திருக்கிறது என்பதை அனுபவமுள்ள ஒருவர் கட்டணமின்றி உங்களுக்குச் சுட்டிக்காட்டும் பகுதி அது. பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்து, கணக்குகளுக்கான குறிப்புகளில் தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகளைப் படியுங்கள். இயக்குநரின் குடும்பத்துக்குச் சொந்தமான கட்டடத்துக்கு நிறுவனம் வாடகை கட்டுகிறதா என்பது போன்றவை அங்கேதான் இருக்கும். நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், முதலீட்டுச் சொத்துகளின் மதிப்பு உயர்வு இலாபத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கட்டடமும் விற்கப்படாமலேயே இலாபம் கூடிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீடமைப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டுமானம் முன்னேற முன்னேற வருவாயைக் கணக்கில் எடுப்பதாலும், நிலம் வாங்கப் பெருந்தொகை செலவிடுவதாலும், ஓரிரு ஆண்டுகள் செயல்பாட்டுப் பணம் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. வங்கிகளுக்கு இந்த அளவுகோலே பொருந்தாது. அங்கே வாராக் கடன் விகிதத்தையும் இழப்பைத் தாங்கப் போதிய சொந்த மூலதனம் இருக்கிறதா என்பதைக் காட்டும் மூலதனப் போதுமையையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பங்கு விலையை ஒரு பங்குக்கான இலாபத்தால் வகுத்து வரும் பி.இ. விகிதம் குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்று படித்தேன். 2021இல் கையுறை நிறுவனங்களின் விகிதம் மிகக் குறைவாக இருந்தும், வாங்கியவர்கள் நட்டப்பட்டார்களே, ஏன்? – பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பதில்: ஐயா, அந்த விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இலாபம் நிலைக்கக்கூடியதா என்பதை விகிதம் சொல்லாது. பெருந்தொற்றுக் காலத்தில் கையுறைக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டால் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் டாப் குளோவ் நிறுவனத்தின் நிகர இலாபம் 7 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் முடிந்த ஆண்டிலோ அது 900 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பைக் கண்டது. விற்பனை விலை சந்தையின் கையில் இருக்கும் தொழில்களில், செம்பனை எண்ணெயிலும் எஃகிலும் கூட, இலாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பங்கு மலிவாகத் தோன்றும். எனவே ஓராண்டு இலாபத்தை விட்டுவிட்டு, நல்ல காலமும் கெட்ட காலமும் கலந்த பத்தாண்டுச் சராசரி இலாபத்தால் வகுத்துப் பாருங்கள். விற்பனையில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் பங்கான மொத்த இலாப வீதம் வழக்கத்தை விட இரு மடங்காகியிருந்தால், அதற்கு நிறுவனத்தின் திறமை காரணமா, தட்டுப்பாடு காரணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணக்கியல் படிக்காத என்னைப் போன்றவர்கள் இதைக் கற்க முடியுமா? அறிக்கைகள் எங்கே கிடைக்கும்? – வாசகர், பட்டர்வொர்த்.

பதில்: கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் தொடங்கலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் அறிக்கைகள் பர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காலாண்டு அறிக்கை அந்தக் காலாண்டு முடிந்து இரண்டு மாதங்களுக்குள்ளும், ஆண்டறிக்கை நிதியாண்டு முடிந்து நான்கு மாதங்களுக்குள்ளும் வெளியாக வேண்டும். காலாண்டுக் கணக்குகள் பொதுவாகத் தணிக்கை செய்யப்படாதவை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும், முந்தைய காலாண்டுடன் ஒப்பிட்டு இலாபம் ஏன் மாறியது என்று நிர்வாகமே அதில் விளக்க வேண்டியிருப்பதால் அந்தப் பத்திகள் பயனுள்ளவை. பத்து நிறுவனங்களை மேலோட்டமாகப் பார்ப்பதை விட, நீங்கள் வேலை செய்து பழகிய தொழிலில் உள்ள ஒரே நிறுவனத்தின் ஐந்து ஆண்டறிக்கைகளை வரிசையாகப் படியுங்கள். சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு, ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு முன் நிறுவனங்களிடம் எழுப்பும் கேள்விகளை வெளியிடுகிறது. அவற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த எண்ணை நோக்கிக் கேள்வி எழுகிறது என்பது விளங்கும். அதன் பிறகு, சொற்பப் பங்குகளே வைத்திருந்தாலும், பொதுக்கூட்டத்தில் உங்கள் கேள்வியையும் இயக்குநர்களிடம் கேட்கலாம்.