கடைக்குக் காவல்: வாசகர் கேள்வி – பதில்

திருட்டுத் தடுப்புக் கருவிகள் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘எதை வாங்கலாம்?’ என்றே தொடங்குகின்றன. கடைகளுக்குக் கேமராவும் அலாரமும் பொருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் கடையில் எது காணாமல் போகிறது, எந்த நேரத்தில், எந்த வழியாக? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய கருவி சுவரில் இருக்கும். சரக்கு போய்க்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் பல்பொருள் கடையில் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. விலையுயர்ந்த முகப்பூச்சுகளை ஒருவர் எடுத்துப் பைக்குள் போட்டது பதிவாகியிருக்கிறது. ஆனால் முகம் தெரியவில்லை. மெகாபிக்சல் அதிகமுள்ள கேமராவுக்கு மாற வேண்டுமா?

மாறுவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவில் எத்தனை பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், என்பது பாதிக் கணக்கு. அந்தப் பிக்சல்கள் எத்தனை மீட்டர் அகலத்தில் பரவுகின்றன என்பதுதான் மீதி. 2014-இல் வெளிவந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரம் இதற்கு அளவு வகுத்தது. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே அறிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ள 25 போதும்.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருவோம். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்குவாட்டில் 1,920 பிக்சல். அதை 250-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழரை மீட்டர். அதைவிட அகலமான இடத்தை அந்தக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தால், அடையாளம் காட்டும் தரத்தில் முகம் கிடைக்காது. கூரை மூலையில் வழக்கமாக மாட்டும் அகலக் கோண லென்ஸ், 10 மீட்டர் தள்ளி 25 மீட்டர் அகலம் வரை பார்க்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு முகத்துக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான். பதிவை நிறுத்திப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள் தெரியும். அதிலிருந்து முகத்தை வரவழைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. பதிவாகாத விவரம் பதிவாகாததுதான்.

ஆகவே மூலைக் கேமராக்கள் அப்படியே இருக்கட்டும். நடந்தது என்ன என்பதை அவை காட்டும். நடத்தியவர் யார் என்பதைக் காட்ட, வாசலை மட்டும் பார்க்கும் ஐந்தாவது கேமரா ஒன்றை வையுங்கள். குறுகிய கோண லென்ஸ் போதும். இரண்டு மீட்டர் அகலமுள்ள வாசலுக்கு 2 மெகாபிக்சலே தாராளம். உயரம் இரண்டு முதல் இரண்டரை மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். பகலில் வாசலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும். உள்ளே வருபவர் கருநிழலாகத் தெரிவார். டபிள்யூடிஆர் எனப்படும் வெளிச்சச் சமன் வசதி உள்ள கேமராவாகக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தி முடிந்ததும், பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஊழியர் ஒருவரைத் தொப்பி அணிந்து, சாதாரண வேகத்தில் உள்ளே நடந்து வரச் சொல்லுங்கள். நண்பகலில் ஒரு முறை, கடையின் இரவு விளக்கில் ஒரு முறை. நேரலையைப் பார்க்காதீர்கள், பதிவானதை ஓட்டிப் பாருங்கள். பல கருவிகளில் நேரலை தெளிவாகவும் பதிவு மங்கலாகவும் இருக்கும்.

பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் 11 நாள்தான் தாங்கும். மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போது குறைவு தெரிந்து, முதல் வாரப் பதிவைத் தேடினால் அது அழிந்திருக்கும். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒரு முறை சரக்கு எண்ணுகிறீர்களோ, அதைவிடச் சில நாள் கூடுதலாகவே பதிவு நிற்க வேண்டும்.

பதிவுக் கருவியைக் கல்லாவுக்கு அடியில் வைக்காதீர்கள். திருடுபவர் அதையும் தூக்கிக்கொண்டு போவார். அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருந்திரளாக வளைத்துப்போட்டு, இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. அவற்றின் உரிமையாளர்கள் பலருக்கு அது தெரியவே இல்லை.

கேள்வி: துணிக்கடை நடத்துகிறேன். வாசலில் டேக் கண்டறியும் தூண்கள் வைக்க இரண்டு நிறுவனங்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கின்றன. ஒன்று ஆர்எஃப், மற்றொன்று ஏஎம். எது நல்லது?

டேக் என்பது பொருளில் ஒட்டும் அல்லது மாட்டும் சிறு வில்லை; அது வாசலைக் கடந்தால் தூண் ஒலிக்கும். இரண்டும் வேலை செய்யும். வேலை செய்யும் விதம்தான் வேறு. ஆர்எஃப் (ரேடியோ அலை) வகை பெரும்பாலும் 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் டேக்கான காகிதம்போன்ற ஸ்டிக்கரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சதுரச் சுருளாக ஒரு மெல்லிய உலோகக் கோடு தெரியும். தூணிலிருந்து வரும் அலைக்கு அந்தச் சுருள் ஒத்ததிர்கிறது. பில் போட்ட பின் மேசையிலுள்ள பலகை அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஏஎம் (ஒலி-காந்த) வகை 58 கிலோஹெர்ட்ஸ். அந்த டேக்கின் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தால், உள்ளே தலைமுடி கனத்தில் ஓர் உலோகப் பட்டை தளர்வாகக் கிடக்கும். கூடவே ஒரு காந்தப் பட்டை. தூண் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு மௌனமாகிறது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பின்னும் ஒலிப்பதுபோல், அந்தப் பட்டை இன்னும் சற்று நேரம் அதிர்கிறது. மௌனத்தில் கேட்கும் அந்த அதிர்வைத்தான் தூண் பிடிக்கிறது.

இதனால் ஏஎம் வகைக்கு அகலமான வாசல் சிரமமில்லை. பக்கத்திலுள்ள உலோகத்தையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆர்எஃப் ஸ்டிக்கர் தட்டையானது, மலிவானது. புத்தகம், அட்டைப்பெட்டி போன்றவற்றை ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு ஏற்றது. நீங்கள் துணி விற்கிறீர்கள். திரும்பத் திரும்பப் பயன்படும் கெட்டியான டேக் இரண்டு வகையிலும் உண்டு. வாசல் குறுகலாக இருந்தால் ஆர்எஃப் போதும். அகலமாகவோ உலோகச் சட்டங்கள் நெருக்கமாகவோ இருந்தால் ஏஎம் வாங்குங்கள். எதுவானாலும் டேக்கின் பூட்டு வலுவானதா என்று கேளுங்கள். சாதாரணக் காந்தத்துக்கே திறந்துகொள்ளும் டேக் வேண்டாம்.

கொட்டேஷனில் எழுதாத ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தூண் ஒலித்ததும் யார் எழுந்து போவது? பில் போட்டவர் டேக்கை எடுக்க மறந்திருப்பார், தூண் ஒலிக்கும், வாடிக்கையாளர் திகைத்து நிற்பார், ஊழியர் உட்கார்ந்தபடியே ‘போங்கள், பரவாயில்லை’ என்று கையசைப்பார். இது வழக்கமாகிவிட்டால், உண்மையான திருடருக்கும் அதே கையசைப்புதான் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து சென்று, ‘டேக் எடுக்க மறந்திருப்போம், பில்லைப் பார்த்துவிடலாமா?’ என்று பணிவாகக் கேட்க வேண்டும். திருடர் என்ற சொல்லோ பார்வையோ கூடாது. ஒலித்த நேரத்தையும் காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதற்கு ஆள் ஒதுக்க முடியாவிட்டால் தூண்கள் வாங்க வேண்டாம்.

கேள்வி: போலிக் கேமரா வைத்தால் போதுமா?

போதாது. வெளியே வயர் இல்லாமல், ஓயாமல் சிவப்பு விளக்கு மட்டும் மின்னும் பெட்டியைத் தொழில்முறைத் திருடர் பார்த்ததும் அறிந்துகொள்வார். உங்கள் ஊழியர்கள் அவருக்கும் முன்பே அறிந்திருப்பார்கள். அதே பணத்துக்கு ஒரு குவிவுக் கண்ணாடி வாங்கிக் கல்லாவிலிருந்து மறைந்திருக்கும் மூலையில் மாட்டுங்கள். அது நிஜமாகவே பயன்படும்.

கேள்வி: கிடங்கில் சரக்கு குறைகிறது. ஊழியர்கள் மீது சந்தேகம். அவர்களுக்குத் தெரியாமல் கேமரா வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். மறைகேமரா பல நாடுகளில் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். அதைவிடப் பெரிய நஷ்டம், அது தெரியவந்த நாளில் நேர்மையாக உழைத்தவரின் மனம் முறிந்துவிடும்.

குறைவு என்றாலே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். சப்ளையர் குறைவாக இறக்கியிருக்கலாம். ஒரு பொருளுக்கு வேறொன்றின் பார்கோடு ஓடியிருக்கலாம். உடைந்ததை எழுதாமல் எறிந்திருக்கலாம். அடிக்கடி குறையும் பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் தினமும் கடை மூடும்போது எண்ணுங்கள். சரக்கு இறங்கும்போது இன்வாய்ஸோடு இருவர் சேர்ந்து எண்ணட்டும். ரத்தான பில்களையும் திரும்பக் கொடுத்த பணத்தையும் வாரம் ஒரு முறை தனியே எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒருவர் வேலையிலிருக்கும் நேரத்தில் மட்டும் ரத்துகள் கூடுகின்றனவா என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். அதற்குக் கேமராவே வேண்டாம்.

அதன் பிறகு கேமரா வைப்பதென்றால் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தெரிய வையுங்கள்: கல்லாவுக்கு நேர் மேலே ஒன்று, கிடங்கு வாசலில் ஒன்று. கல்லாக் கேமராவில் கைகளும் பொருளும் பணமும் தெரிய வேண்டும். அந்தப் பதிவு, வீண்பழி சுமத்தப்பட்ட ஊழியரைக் காப்பாற்றவும் செய்யும்; அதை அவர்களிடமே சொல்லுங்கள். உடை மாற்றும் இடத்திலும் கழிப்பறையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கேமரா கூடாது.

கேள்வி: பணத்துக்கும் பத்திரங்களுக்கும் சேர்த்துத் தீப்பிடிக்காத பெட்டகம் ஒன்று வாங்கினேன். அது திருட்டையும் தாங்குமா?

தாங்கும் என்று தனியே சான்று இருந்தால் மட்டுமே. தீப்பெட்டகத்தின் சுவருக்குள் இருப்பது வெப்பத்தைத் தடுக்கும் நிரப்பு. வெளித்தகடு மெல்லியதாக இருந்தால் கடப்பாரைக்கு அது பெரிய தடையல்ல. திருட்டுக்கு எதிரான சான்று வேறு. டிஎல்-15 என்ற முத்திரை, பழகிய கருவிகளோடு பரிசோதகர்கள் தாக்கியபோது கதவு 15 நிமிட நிகர வேலை நேரம் தாங்கியது என்பதைக் குறிக்கிறது. ஐரோப்பியத் தரமான இஎன் 1143-1-இல் தாங்குதிறன் படிநிலைகளாக வரும். 1,000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகத்தைத் தரையில் பிணைக்க வசதி இருக்க வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. பிணைக்காத பெட்டகத்தை அங்கேயே உடைக்க யாரும் சிரமப்பட மாட்டார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொன்று. காகிதத்துக்கான தீப்பெட்டகம், உள்வெப்பத்தை 177 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருந்தாலே தேர்ச்சி பெறும். ஹார்ட் டிஸ்க் அந்த வெப்பத்தில் பிழைக்காது. அதற்கு 52 டிகிரி அளவிலான தனி வகுப்பு உண்டு. கணக்குகளின் பிரதியை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் அலாரம் காரணமில்லாமல் அடிக்கிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். அணைத்தே வைத்துவிட்டேன்.

இன்றிரவே மீண்டும் போட வழி பாருங்கள். நடமாட்டத்தை உணரும் சென்சார், உடல்வெப்பம் தன் பார்வைக்குக் குறுக்கே நகர்வதைக் கவனிக்கிறது. அது வெயில் விழும் கண்ணாடியை, ஏசியின் காற்றுப்போக்கை, அல்லது காற்றில் ஆடும் விளம்பரப் பதாகையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதன் முகப்பில் சிலந்தி ஊர்ந்தாலும் அடிக்கும். முதலில் துடையுங்கள், பதாகையை அகற்றுங்கள், பிறகு சென்சாரின் திசையை மாற்றுங்கள். நுழைபவர் அதை நோக்கி நேராக வராமல், குறுக்கே கடக்கும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் அது கூர்மையாகப் பிடிக்கும். அப்படியும் தீராவிட்டால் நுண்ணலையும் சேர்ந்த இரட்டைச் சென்சார் வாங்குங்கள்; இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அது அடிக்கும். காற்றுக்கு ஷட்டர் அதிர்ந்து அடிப்பதும் சகஜம். ஷட்டருக்கென்றே உள்ள, இடைவெளி அதிகம் தாங்கும் காந்தத் தொடர்பை (கதவு திறந்ததை உணரும் கருவி) மாட்டச் சொல்லுங்கள். பேட்டரியையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு வாசல் தூண்களால் ஆபத்தா?

இயல்பாக நடந்து கடந்தால் கவலையில்லை. தூணருகே நிற்பதையும் அதில் சாய்வதையும்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆகவே தூண்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதீர்கள். பில் போடும் வரிசை அதுவரை நீளாதபடி மேசையை உள்ளே தள்ளிப் போடுங்கள். தூண் இருப்பதை வாசலிலேயே தெளிவாக எழுதி வைத்துவிடுங்கள்.