கல்லாவில் குறைந்தால் யார் தலையில்? பணியிட நியாயம்: கேள்வி-பதில்

கேள்வி: ஆர்டர் குறைந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு எல்லோர் சம்பளத்திலும் 15% குறைக்கப் போகிறோம். நோட்டீஸ் ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. பணியிட நியாயம் பற்றி ஆராய்ந்த ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் நிலைமைதான். அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15% வெட்டு. ஓர் ஆலையில் கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஊழியர்களின் திருட்டு இரண்டிலும் கூடியது; இரண்டாவதில் மிக அதிகமாக. இரண்டு இடத்திலும் வெட்டியது ஒரே அளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஆர்டர் புத்தகத்தைக் காட்டிப் பேசுங்கள். முதலாளியும் மேனேஜரும் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அது பூஜ்யம் என்றால் கூட்டமே வேண்டாம், கோபம்தான் மிஞ்சும். பழைய சம்பளம் திரும்பும் தேதியை எழுத்தில் கொடுங்கள். தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு சட்டப்படி தேவை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறக்கவே கூடாது.

கேள்வி: கல்லாவில் 400 ரூபாய் குறைந்தது. பில் போடும் மூன்று பேரிடமும் பிரித்துப் பிடித்தோம். தவறா?

பதில்: தவறு. ஒருவருடைய கவனக்குறைவால் வந்த இழப்பை மட்டுமே, அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு, இழந்த தொகைக்கு மேல் போகாமல் பிடிக்கலாம். யார் என்று தெரியாதபோது மூவரிடமும் பிடித்தால், ஒழுங்காக இருந்த இரண்டு பேருக்கும் தண்டனை. அடுத்த முறை சில்லறை மிஞ்சினால் சொல்லவும் மாட்டார்கள்.

கோளாறு பெரும்பாலும் ஒரே டிராயரில் பலர் கை வைப்பதில்தான். ஆளுக்கொரு டிராயர், ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது 500, 200, 100 என்று நோட்டுவாரியாக எண்ணிச் சீட்டில் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடட்டும். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: ஐந்து வருடமாக இருக்கிறேன். புதிதாக வந்தவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம்.

பதில்: "அவருக்கு ஏன் அதிகம்?" என்று ஆரம்பித்தால் பேச்சு அவரைப் பற்றியே போகும். நீங்கள் கூடுதலாகச் சுமக்கும் வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி, இன்க்ரிமென்ட்டுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். முடிவான பிறகு கேட்டால் 'பட்ஜெட் முடிந்தது' என்பார்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறோம். உட்காரச் சட்டம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவின்படி இருக்கை வசதி கட்டாயம். ஸ்டூலைக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தால் அது வசதி ஆகாது.