கிரீட் தீவுக்குப் போகும் அத்தை: எதைச் சாப்பிடலாம், எந்த மூலிகையைத் தொடவே கூடாது

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நான், கணவர், மாமியார் மூவரும் ஒரு வாரம் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போகிறோம். அத்தைக்கு 68 வயது. முட்டைகூடத் தொடாத சைவம். இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அங்குள்ள சாப்பாட்டையும் மூலிகைத் தேநீரையும் சுவைத்துப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை. எது ஒத்துவரும்? ஊருக்கு எதை வாங்கி வரலாம்? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம், சாப்பாடு அப்புறம். கிரீட் கடைகளில் மஞ்சள் பூவோடு காய்ந்த ஒரு செடி கிடைக்கும், அங்கே அதற்கு வால்சமோ என்று பெயர், சுற்றுலாப் பயணிகளுக்கான பொட்டலங்களில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று போட்டிருப்பார்கள். மனச்சோர்வுக்கு நல்லது, தூக்கம் வரும் என்று சொல்லி விற்பார்கள். உங்கள் அத்தை அதை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. அது கல்லீரலைத் தூண்டிவிட்டு வார்ஃபரினை வேகமாகக் கரைத்து வெளியேற்ற வைக்கும். மருந்தின் பலம் குறைந்தால் செயற்கை வால்வில் ரத்தம் உறையும், அது உயிருக்கே ஆபத்து. தனியாக விற்றால் பெயரைப் பார்த்து ஒதுங்கிவிடலாம். 'மலை மூலிகைக் கலவை', 'நிம்மதித் தேநீர்' என்று பத்துச் செடிகளைச் சேர்த்துக் கட்டி விற்கிறார்களே, அதற்குள் இதுவும் இருக்கலாம். அதனால் கலவைப் பொட்டலம் எதுவும் அத்தைக்கு வேண்டாம். ஒரே செடி, பெயர் தெளிவாக எழுதிய பொட்டலம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

இரண்டாவது விஷயம் கீரை. கிரீட்காரர்கள் கீரைப் பிரியர்கள். ஹோர்தா என்று மெனுவில் இருந்தால் வேகவைத்த கீரை, மேலே ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும், அவ்வளவுதான். நீங்கள் போகும் பருவத்தில் பெரும்பாலும் வ்லீதா கிடைக்கும். அது நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரை வகையறா. அதோடு ஸ்டீஃப்னோஸ் என்று ஒன்றைச் சேர்த்து வேகவைப்பார்கள், அது மணத்தக்காளிக் கீரையேதான். சாலட்டில் புளிப்பாகக் கொழுகொழுவென்று ஒரு இலை வரும், அது பருப்புக்கீரை, அங்கே கிலிஸ்ட்ரீடா. அத்தை பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார், மகிழ்ச்சியில் தினமும் ஒரு தட்டு கேட்பார், சிக்கலும் அங்கேதான் வரும். பச்சைக் கீரையில் வைட்டமின் கே நிறைய. வழக்கத்தைவிடத் திடீரென்று அதிகம் சாப்பிட்டால் வார்ஃபரின் வேலை செய்வது குறையும். அதற்காகக் கீரையே கூடாது என்று தடுக்க வேண்டாம், திடீரென்று நிறுத்தினாலும் மருந்து அளவுக்கு மீறி வேலை செய்யும். வீட்டில் வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவு அங்கேயும். உணவகத்தில் வரும் ஒரு தட்டை மூவரும் பகிர்ந்துகொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துவிடுங்கள், உங்கள் டாக்டரிடமும் பயணத்தைச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உபசரிப்பாக ஒரு சின்னக் குப்பியில் ராக்கி வைப்பார்கள். அது திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த கடும் சாராயம், அத்தைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, இனி சைவம். ஊரில் சில பயண முகவர்கள் 'சைவ உணவு ஏற்பாடு' என்று தலைக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, மூன்று வேளையும் ஏதோ ஒரு வட இந்திய உணவகத்தில் பனீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். ஐரோப்பாவில் சைவர்களுக்கு இவ்வளவு தோதான இடங்கள் குறைவு. லதேரா என்ற பிரிவு மெனுவில் இருக்கும், ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு நிதானமாக வெந்த காய்கறிகள், பீன்ஸ், வெண்டைக்காய், கத்திரிக்காய் எல்லாம் அதில் உண்டு. பிரியாம் என்றால் பல காய்கறிகளைச் சேர்த்து அடுப்பில் சுட்டது. டாக்கோஸ் கட்டாயம் சாப்பிடுங்கள், பார்லி ரஸ்க்கின் மேல் துருவிய தக்காளி, மிஸித்ரா பாலாடைக்கட்டி, ஒரிகனோ, எண்ணெய். தக்காளிச் சாறு இறங்கி ரஸ்க்கின் அடிப்பாகம் மட்டும் இன்னும் மொறுமொறுவென்று இருக்கும் அந்த நிமிஷத்தில் கடிக்க வேண்டும். ஒன்று மட்டும், அங்குள்ள பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் ஆட்டுக்குட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பது வழக்கம், அதை ஏற்பதா வேண்டாமா என்று அத்தையே முடிவு செய்யட்டும். கலிட்சூன்யா என்ற சின்னப் பலகாரங்களில் முட்டை இருக்கும், விட்டுவிடுங்கள். சாதம் அடைத்த தக்காளி, குடைமிளகாய்க்கு யெமிஸ்தா என்று பெயர், அதில் கொத்துக்கறி இல்லாததை 'ஓர்ஃபனா', அதாவது அநாதை என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைச் சாதம் ஒன்றில் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். கிரீட்டில் பிலாஃபி என்று ஒரு தட்டு வரும். வெள்ளை வெளேரென்று, குழைந்து, பளபளவென்று, கூட ஒரு எலுமிச்சைத் துண்டு. தயிர் மட்டும்தான் குறை என்று தோன்றும். அது ஆடும் சேவலும் வேகவைத்த சாற்றிலேயே வெந்த சாதம், கல்யாண வீட்டுச் சாப்பாடு. கறித்துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது என்பதால் பரிமாறுகிறவரும் 'இறைச்சி இல்லை' என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார்.

அதைவிடப் பெரிய குழப்பம் 'நிஸ்தீசிமோ' என்ற சொல். நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம். இணையத்தில் பாதிப் பேர் 'இதைக் கேளுங்கள், சுத்த சைவம் கிடைக்கும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அது தப்பு. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நோன்பில் இறைச்சி, பால், முட்டை, மீன் கூடாது. ஆனால் ரத்தமில்லாத உயிர் என்று கருதப்படுவது கூடும். கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் நிஸ்தீசிமோதான். நத்தையும் அப்படித்தான், கிரீட்டில் நோன்புக் காலத்தில் நத்தையை விரும்பியே சாப்பிடுவார்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ரோஸ் நிறத்தில் ஒரு விழுது வரும், பீட்ரூட் பச்சடி மாதிரி இருக்கும், பெயர் தரமோசலாதா, அது மீன் முட்டை. கீரைக் கூட்டு போலிருக்கும் ஒரு பாத்திரத்தில் கணவாய்த் துண்டுகள் கிடக்கும். இது எல்லாமே நோன்புப் பட்டியலில் வருகிறது, யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அதனால் நிஸ்தீசிமோ என்று கேட்பது பால், முட்டையைத் தவிர்க்க உதவும், அதோடு 'கடல் உணவும் வேண்டாம், நத்தையும் வேண்டாம்' என்று தனியாகச் சொன்னால்தான் அத்தைக்கு அது சைவமாகும். அங்கே பரிமாறுகிறவர்களுக்குப் புரியும்படி இதை கிரேக்க மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விடுதி வரவேற்பறையில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

மூலிகைக்கு வருவோம். கிரீட் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் தீக்தமோ என்ற செடியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். செங்குத்துப் பாறை இடுக்கில் முளைப்பது, அதைப் பறிக்கப் போய் விழுந்து செத்தவர்கள் உண்டு, இன்று வயலிலும் பயிராகிறது. அம்பு பட்ட காட்டாடு இதைத் தின்றால் அம்பு தானாக வெளியே வரும் என்ற நம்பிக்கையை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். இலை கட்டைவிரல் நகம் அளவு வட்டமாக, இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பளி போர்த்தியது மாதிரி இருக்கும். காய்ந்த பிறகும் விரலால் தேய்த்தால் அந்தப் பஞ்சு தெரியும். சில வருடங்களுக்கு முன் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் எங்கள் பேருந்தை ஒரு கடை வாசலில் நிறுத்தினார். அங்கே வாங்கிய தீக்தமோவை அறையில் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாதாரண ஒரிகனோ, அந்தப் பஞ்சு இல்லாத இலை. வழிகாட்டிக்குக் கமிஷன் போகும் கடை அது, அதே ஊர் சூப்பர்மார்க்கெட்டில் ஒழுங்கான பொட்டலம் அதைவிடக் குறைந்த விலைக்கு இருந்தது. பேருந்து நிற்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள். முழு இலையும் காம்புமாக இருப்பதை வாங்குங்கள், தூளாக்கியதை வாங்காதீர்கள். தீவின் குங்குமப்பூ என்று தளர்வாகப் பையில் போட்டு விற்பது பெரும்பாலும் குசம்பப்பூ, கிரீஸின் பெயர்பெற்ற குங்குமப்பூ வடக்கே நிலப்பகுதியில் உள்ள கொசானியில் விளைகிறது.

மலோதீரா என்ற மலைத்தேநீர் மென்மையானது, அத்தை ஒரு கோப்பை குடித்துப் பார்க்கட்டும். மருந்து மாதிரி தினமும் மூன்று கோப்பை என்று எந்த மூலிகைத் தேநீரையும் வார்ஃபரின் எடுப்பவர் பழக்கமாக்கக் கூடாது. ஒரிகனோவைச் சமையலுக்குத் தாராளமாக வாங்கலாம். ஓமம், கற்பூரவள்ளி வாசனை வருவது உங்கள் கற்பனை இல்லை, வாசனை தரும் பொருள்கள் ஒன்றேதான்.

தேன் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். 'ஐரோப்பிய ஒன்றியத் தேனும் வெளித் தேனும் கலந்தது' என்று எழுதியிருந்தால் அது எந்த நாட்டுத் தேன் என்றே தெரியாது. இப்படி எழுதுவதைச் சட்டமே இத்தனை வருடம் அனுமதித்தது, சாப்பிடுகிறவனுக்கு எங்கே விளைந்தது என்று சொல்ல இவ்வளவு காலமா? 2026 ஜூனிலிருந்துதான் நாடுகளின் பெயர்களைச் சதவீதத்தோடு போட வேண்டும் என்பது விதி, பழைய சீட்டுகள் அலமாரியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். தீவின் தைம் தேன் (தைம் என்ற மூலிகைச் செடியின் பூத்தேன்) என்றால் கிரீட், உற்பத்தியாளர் ஊர் இரண்டும் அச்சில் இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் உணவகங்களைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போங்கள். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது கிரேக்கச் சட்டம், மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

மலையில் நீங்களே செடி பறிக்க வேண்டாம், தீக்தமோ பாதுகாக்கப்பட்ட இனம். தொட்டியில் வைத்து விற்கும் தீக்தமோ செடியையும் விதையையும் ஊருக்குக் கொண்டு வராதீர்கள், இந்தியாவில் அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். காய்ந்த மூலிகையை, சீல் பிரிக்காமல், பெயர் எழுதிய பொட்டலமாக, ரசீதோடு வையுங்கள். தேனும் எண்ணெயும் சரக்கில் போடும் பெட்டியில். அத்தையின் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில்.