மூடிக் கிடந்த பாய்லரில் சொட்டும் தண்ணீர்: வெல்டிங் அடிக்கலாமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்னதாகச் சலவைக் கூடம் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. போன வாரம் டீசல் பாய்லரைப் பற்றவைத்ததும் முன்பக்கக் கதவுக்குக் கீழே தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வெளியிலேயே வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார் வெல்டர். அடிக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதபோது எதை அடைப்பீர்கள்?

முதலில் அது பாய்லர் தண்ணீர்தானா என்று பாருங்கள். டீசல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகும், பாய்லர் ஜில்லென்று இருந்தால் அது டியூப்களில் (உள்ளே புகை போகும், வெளியே தண்ணீர் சூழ்ந்திருக்கும் குழாய்கள்) படிந்து வேர்த்துக் கொட்டும், சூடேறியதும் தானாக நின்றுவிடும். நீங்கள் விடுவது போர்வெல் தண்ணீர் என்றால் உப்பு அதிகம் இருக்கும். அதனால் நிஜக் கசிவு காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். வேர்வை என்றால் கரிக்கோடு மட்டும்தான்.

வெள்ளைத் தடம் இருந்தால் அடுப்பை நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் விடக்கூடாது. நன்றாக ஆறியதும் டியூப் முனைகளை மூடியிருக்கும் புகைப்பெட்டிக் கதவைத் திறந்து, டியூப் முனைகளைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே காற்று வெளியேற வழிவிட்டு உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக பிரஷர் ஏற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். நீராவியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும், எங்காவது விட்டுக்கொடுத்தால் எதிரே நிற்பவர் பிழைக்க மாட்டார்.

டியூப்பின் விளிம்பைச் சுற்றிக் கசிந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, எக்ஸ்பாண்டர் (டியூப் முனையை உள்ளிருந்து விரிக்கும் கருவி) போட்டு இறுக்கலாம். டியூப்பின் வாய்க்குள்ளிருந்து வழிந்தால் அது ஓட்டை, மாற்றத்தான் வேண்டும். பாதித் தண்ணீரோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன், முக்கியமாக நீர்மட்டக் கோட்டை ஒட்டி, இரும்பைக் குழிகுழியாக அரித்திருக்கும். ஒன்று போயிருந்தால் பக்கத்து டியூப்களையும் நம்பாதீர்கள். தடிமன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டியூப்கள் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேஸ்கெட்கள்தான், அதாவது மூடிகளின் இடுக்கில் கசியாமல் வைக்கும் வளையங்கள். சும்மா கிடந்து காய்ந்து போயிருக்கும், எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ஆனால் பிரஷர் இருக்கும்போது நட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது! வெளிக் காப்புறை ஈரமாக இருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். மேலே கசிந்த தண்ணீர் உள்ளேயே ஓடி, சம்பந்தமில்லாத இடத்தில்கூடச் சொட்டும்.

அப்புறம் சட்டம். 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள நீராவி பாய்லர் என்றால் பதிவும் சான்றிதழும் வேண்டும், இத்தனை நாள் மூடிக் கிடந்ததில் உங்களுடையது பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். பிரஷர் தாங்கும் பாகங்களில் சான்று பெற்ற வெல்டர்தான் கை வைக்கலாம், அதுவும் பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகு. கர்நாடகத் தொழிற்சாலைகள், பாய்லர்கள் துறைக்கு இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அவர் முன்னாலேயே தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை நடத்திக் காட்டலாம்.